சுழலும் லேசரும் கிடர்பூர் நிலைப்படியும்

கார் கூரையில் ஒரு சின்னக் குடத்தைக் கவிழ்த்து வைத்தது போல ஏதோ ஒன்று விடாமல் சுற்றிக்கொண்டே போகும் படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநர் இல்லாத கார் பற்றிய செய்தி எது வந்தாலும் கூடவே இந்தப் படமும் வரும். அந்தக் குடத்துக்கு லைடார் என்று பெயர். லேசர் ஒளியை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துத் தூரத்தைச் சொல்லும் கருவி. சுழன்றுகொண்டே செய்வதால் நாலா பக்கமும் அளந்துவிடும்.

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். இன்ஜினியர்கள் மன்னிக்கவும். ஆனால் அளவு, கணக்கு, சரிபார்ப்பு என்ற மூன்றும் எங்கள் தொழிலுக்கும் பொது. அந்தக் கண்ணோடு இந்தக் கருவியின் பூர்வீகத்தைத் தேடிப் போனபோது, கதை பரங்கிமலையில் ஒரு காலும், நான் இப்போது குடியிருக்கும் கொல்கத்தா கிடர்பூரில் இன்னொரு காலும் வைத்து நிற்கிறது என்று தெரிந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சக்கரம்

வண்டியில் தூரம் அளக்கும் கருவியைப் பொருத்துவது ரொம்பப் பழைய யோசனை. கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முன்னால் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் ஒரு வண்டியை விவரிக்கிறார். சக்கரம் 4 அடி விட்டம். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டரை அடி. 400 சுற்று சுற்றினால் 5000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். அப்போது பல்சக்கரம் ஒன்று நகர்ந்து ஒரு கூழாங்கல்லை வெண்கலப் பாத்திரத்தில் 'டங்' என்று போடும். சாயங்காலம் கல்லை எண்ணினால் எத்தனை மைல் வந்தோம் என்று தெரிந்துவிடும். சீனாவிலும் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை மரப் பொம்மை மத்தளம் தட்டும் வண்டி இருந்திருக்கிறது. இங்கே கொல்கத்தாவில் மஞ்சள் அம்பாசடர் டாக்சியில் ஓடிய மீட்டருக்கும் அடிப்படை இதுதான். சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்ற எண்ணிக்கை.

கம்பெனி காலத்து சர்வேயர்கள் இதையே ஒற்றைச் சக்கரமாக்கி, கைப்பிடி வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெராம்புலேட்டர் என்று பெயர். படை நடந்து போகும் பாதையெல்லாம் இந்தச் சக்கரமும் கூடவே போனது. பாதை எத்தனை மைல், எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைச் சக்கரமும் திசைகாட்டியும் சேர்ந்து சொல்லும்.

இதில் உள்ள வம்பு என்னவென்றால், மேட்டில் ஏறினால் அதுவும் தூரக் கணக்கில் சேரும். பள்ளத்தில் இறங்கினால் அதுவும் சேரும். சேற்றில் வழுக்கினால் குறையும். ஒவ்வொன்றும் சின்னப் பிழைதான். ஆனால் பிழை மேல் பிழை ஏறிக்கொண்டே போகும், கழிந்துபோகாது. கூட்டு வட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன் :-)

பரங்கிமலை, 1802

இந்தப் பிழைச் சேர்க்கையைத் தாங்க முடியாதவர் வில்லியம் லாம்டன். 1799-ல் திப்பு வீழ்ந்த போரில் இருந்த காலாட்படை அதிகாரி. சக்கரத்தை நம்ப வேண்டாம், முக்கோணங்களால் நாட்டை அளப்போம் என்று அரசுக்கு எழுதிப்போட்டு அனுமதி வாங்கினார்.

முக்கோண முறை நம் பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். அப்படிக் கிடைத்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. ஆகவே நாடு முழுக்க அளக்க ஒரே ஒரு கோட்டை மட்டும் தரையில் படுத்து அளந்தால் போதும். மீதியெல்லாம் தொலைநோக்கி வழியே கோணம் பார்ப்பது. காரணம் எளிது. அந்தக் காலத்தில் கோணத்தை அளப்பது சுலபம், தூரத்தை அளப்பது பிராணாவஸ்தை.

அந்த ஒரு கோடு பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் இருந்தது. 1802 ஏப்ரல் 10 அன்று ஆரம்பித்தார். 100 அடி நீள எஃகுச் சங்கிலி. ஏழரை மைல் தூரம். கிட்டத்தட்ட 400 முறை சங்கிலியைப் போட்டு எடுக்க வேண்டும். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் மரப்பெட்டிகளை முக்காலிகளில் வைத்து, சங்கிலியை அதற்குள் கிடத்தி, பக்கத்திலேயே வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறித்துக்கொண்டு அளந்தார்கள். சென்னை ஏப்ரல் வெயிலில்! முடிக்க 57 நாள் ஆனது.

எனக்கு லாம்டனைப் பிடித்துப்போனது இதற்கு அடுத்து அவர் செய்ததைப் படித்தபோதுதான். முக்கோணங்களைப் போட்டுக்கொண்டே மைசூர்ப் பக்கம் போய், 1804-ல் பெங்களூர் அருகே இன்னொரு கோட்டையும் சங்கிலி போட்டு அளக்க வைத்தார். எதற்கு? முக்கோணக் கணக்கின்படி அந்தக் கோட்டின் நீளம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று தாளில் வந்துவிட்டது. தரையில் எவ்வளவு இருக்கிறது பார்ப்போம் என்றுதான். ஏழு மைல் சொச்சத்தில் வித்தியாசம் 3.7 அங்குலம். இதை எங்கள் பாஷையில் சொன்னால் ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிறதா என்று பார்ப்பது. ஒரு வழியில் வந்த எண்ணை, சம்பந்தமே இல்லாத இன்னொரு வழியில் வந்த எண்ணோடு ஒப்பிடும் வரைக்கும் எந்தக் கணக்கும் கணக்கு ஆகாது.

அவருடைய தியோடலைட் அரை டன் எடை. 36 அங்குல வட்டம். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய், என்ன கருவி என்று தெரிந்தபின் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் மலையே கிடையாது. தூரத்தில் இருப்பதைப் பார்க்க உயரம் வேண்டுமே? 1808-ல் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு ஒன்று விட்டுப்போய், பெட்டியோடு சுவரில் மோதி, வட்டம் கோணிக்கொண்டது. லாம்டன் யாரையும் உள்ளே விடாமல் கூடாரத்தில் உட்கார்ந்து, ஆறு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிமிர்த்தி, வட்டத்தை வட்டமாக்கினார். கருவியைப் பொருத்தும் இடத்தில் ஒரு இடி விழுந்தால் அதன் பிறகு அது சொல்லும் எதையும் அப்படியே நம்பக்கூடாது. இந்தப் பாடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கார் கூரைக்கு வரும்போது தேவைப்படும்.

கணக்கு கல்கத்தாவுக்கு மாறுகிறது

1818-ல் சென்னை அரசின் கீழ் இருந்த இந்த அளவை, கல்கத்தாவில் இருந்த கவர்னர் ஜெனரல் அரசின் கீழ் வந்தது. ஃபைல் மாற்றல் ஆனது என்று சொல்லலாம். என்னை மாதிரி :-) லாம்டன் 1823-ல் வேலை நடுவிலேயே ஹிங்கன்காட் என்ற ஊரில் இறந்தார். அடுத்து வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். ஆமாம், மலைக்குப் பெயர் கொடுத்த அதே ஆள்.

அவர் 1831-32-ல் கல்கத்தாவில் ஒரு அடிக்கோடு போட்டார். இடம், பாரக்பூர் டிரங்க் ரோடு. இங்கே எல்லோரும் பி.டி. ரோடு என்பார்கள். ஏறக்குறைய ஆறரை மைல். இப்போது சங்கிலிக்குப் பதில் இரும்பும் பித்தளையும் ஜோடி சேர்த்த 10 அடிக் கம்பிகள். சூட்டில் இரண்டு உலோகங்களும் வெவ்வேறு அளவு நீளும். அந்த வித்தியாசத்தையே பயன்படுத்தி, நுனியில் குறித்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தூரம் மாறாதபடி செய்திருந்தார்கள். ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நுண்ணோக்கி வைத்துப் பார்த்தார்கள்.

வங்காளத்தில் தஞ்சாவூரைவிட மோசமான தட்டை. பெரிய கோயிலும் கிடையாது. தென்னையும் பனையும் மூங்கிலும் பார்வையை மறைக்கும். அதனால் எவரெஸ்ட் கோட்டின் இரண்டு முனைகளிலும் 75 அடிக் கோபுரம் கட்டினார். பி.டி. ரோடில் பைக்பாரா பக்கம் ஒன்றும், சுக்சர் பக்கம் ஒன்றும் இன்றும் நிற்கின்றன. பஸ்ஸில் போகிறவர்கள் ஏதோ பழைய புகைபோக்கி என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

சங்கிலிக்குப் பதில் ஒளி

ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்தக் கதை இப்படியே ஓடியது. கோணம் மலிவு, தூரம் விலை அதிகம். இதைத் தலைகீழாக்கியது ஒளி. ஸ்வீடனின் எரிக் பெர்க்ஸ்ட்ராண்ட் 1940-களில் ஒளியின் வேகத்தைத் துல்லியமாக அளக்க ஒரு கருவி செய்தார். வேகம் தெரிந்துவிட்டால் அதே கருவியால் தூரத்தை அளக்கலாமே? ஜியோடிமீட்டர் பிறந்தது. தென்னாப்பிரிக்காவின் டிரெவர் வாட்லி 1950-களில் நுண்ணலையில் இதையே செய்து டெல்லுரோமீட்டர் என்றார். 57 நாள் வேலை மணிக்கணக்கில் முடிய ஆரம்பித்தது. 1960-ல் லேசர் வந்தது. அதன் பிறகு கருவி சின்னதாகிக்கொண்டே போனது.

இதில் உள்ள கணக்கு ரசமானது. ஒளி ஒரு நானோ விநாடியில் 30 செ.மீ. போகும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால், திரும்பி வந்த நேரத்தில் ஒரு நானோ விநாடி தப்பினால் தூரம் 15 செ.மீ. தப்பும். 2 செ.மீ. துல்லியம் வேண்டும் என்றால் ஒரு நானோ விநாடியை ஏழெட்டாகப் பிளந்து எண்ணத் தெரிய வேண்டும். லாம்டனின் வெப்பமானி இருந்த இடத்தில் இப்போது கடிகாரம் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதை வண்டி மேல் ஏற்றிச் சுழலவிட்டது அமெரிக்கப் பாலைவனப் பந்தயம். அந்நாட்டு ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா, ஆளில்லாத வண்டிகளுக்கு 2004 மார்ச் மாதம் ஒரு போட்டி வைத்தது. தூரம் 142 மைல். அதிகபட்சம் போன வண்டியே 7.4 மைலில் நின்றுவிட்டது. 2005 அக்டோபரில் மறுபடி வைத்தபோது ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி 132 மைலை ஏழு மணி நேரத்துக்குள் முடித்து ஜெயித்தது. ஸ்டான்லியின் கூரையில் ஐந்து லேசர்கள் இருந்தன. ஆனால் அவை முன்பக்கம் பார்த்து அசையாமல் உட்கார்ந்திருந்தன. வண்டி நகர நகரத் தரை வரி வரியாகத் தெரியும்.

அதே 2005 பந்தயத்தில் டேவிட் ஹால் என்பவர் ஓட்டிய டிரக்கில்தான் புதுச் சரக்கு இருந்தது. அவர் ஸ்பீக்கர் வியாபாரி. வீட்டுக்கு சப்வூஃபர் செய்து விற்கும் வெலோடைன் கம்பெனி அவருடையது. 64 லேசர்களை ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றும் சற்று வேறு சாய்வில் அடுக்கி, தலை முழுவதையும் சுழலவிட்டார். அவர் வண்டி பந்தயத்தை முடிக்கவில்லை. கருவி ஜெயித்துவிட்டது. 2007 நவம்பரில் நகரத் தெருக்கள் மாதிரி அமைத்த போட்டியைக் கடைசிவரை ஓடி முடித்த 6 வண்டிகளில் 5 அவருடைய கருவியை மாட்டியிருந்தன. விலை சுமார் 75,000 டாலர். அந்த 64 லேசர் மாடல் இப்போது தயாரிப்பில் இல்லை. வெலோடைன் கம்பெனியும் 2023-ல் அவுஸ்டர் என்ற கம்பெனியோடு இணைந்துவிட்டது. இன்று கார்களுக்கென்றே சில நூறு டாலருக்கு லைடார் கிடைக்கிறது.

கூரையில் மாட்டினால் போதுமா?

போதாது. இங்கேதான் லாம்டனும் எவரெஸ்டும் திரும்பி வருகிறார்கள்.

முதலில் உயரம். கருவி தாழ்வாக இருந்தால் காரின் பானெட்டே பாதிப் பார்வையை மறைக்கும். அதனால் கூரைக் கேரியர் மேல் ஒரு பீடம். அது எவரெஸ்டின் கோபுரம். 2014-ல் வந்த 16 லேசர் மாடலில் கீழ்நோக்கிய கடைசிக் கதிர் 15 டிகிரி சாய்வு. தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் மாட்டினால் அந்தக் கதிர் தரையைத் தொடுவது ஏழரை மீட்டருக்கு அப்பால்தான். அதற்குள் இருக்கும் சாலை அதற்குத் தெரியாது. சாலைப் பள்ளத்தை அளப்பதுதான் நோக்கம் என்றால் கருவியை வண்டியின் பின்பக்கம் சாய்த்து மாட்டுவார்கள்.

இரண்டாவது, கோணம். கருவி ஒரு டிகிரி திரும்பி உட்கார்ந்துவிட்டால் 50 மீட்டரில் உள்ள சுவர் 87 செ.மீ. தள்ளிப்போகும். ஒரு ஸ்பீடு பிரேக்கர், ஒரு தளர்ந்த போல்ட் போதும். தஞ்சாவூர்க் கயிறு!

மூன்றாவது, நேரம். நொடிக்கு 10 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 600. நம் வீட்டு சீலிங் ஃபேனைவிட வேகம். கார் மணிக்கு 36 கி.மீ. போனால் ஒரு சுற்று முடிவதற்குள் வண்டி ஒரு மீட்டர் நகர்ந்துவிடுகிறது. ஒரே சுற்றில் எடுத்த புள்ளிகள் ஒரே இடத்திலிருந்து எடுத்தவை இல்லை. ஒவ்வொரு புள்ளியும் பிறந்தபோது வண்டி எங்கே இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று தெரிந்தால்தான் நேரான சுவர் நேராக வரும். அதற்கு ஜி.பி.எஸ். ஒன்று, சாய்வையும் திருப்பத்தையும் நொடிக்கு 100, 200 முறை சொல்லும் இன்னொரு கருவி ஒன்று, எல்லோருக்கும் ஒரே கடிகாரம். கடிகாரங்களுக்குள் நொடியில் நூறில் ஒரு பங்கு ஒத்துப்போகாவிட்டால் அதே வேகத்தில் 10 செ.மீ. போச்சு.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. டயமண்ட் ஹார்பர் ரோடில் தாரதலா பக்கம் மெட்ரோ பாலத்துக்கு அடியில் போகும்போதோ, ஃபேன்சி மார்க்கெட்டை ஒட்டிய சந்துகளில் நுழையும்போதோ ஜி.பி.எஸ். சரியாகக் கிடைக்காது. அப்போது வண்டி தன் இடத்தை எப்படித் தெரிந்துகொள்ளும்? பின் சக்கரத்தில் ஒரு எண்ணும் கருவி மாட்டியிருப்பார்கள். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று அது சொல்லும். விட்ருவியஸின் கூழாங்கல்! இத்தனை லேசருக்கும் செயற்கைக்கோளுக்கும் அப்புறம் பழைய பெராம்புலேட்டர் இன்னும் வேலையில் இருக்கிறது, ரிடையர் ஆகவில்லை.

கடைசியில் ட்ரையல் பேலன்ஸ். ஒரே தெருவில் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை அளக்க வேண்டும். படத்தில் ஒரு சுவர் இரண்டு சுவராகத் தெரிந்தால் பொருத்தியதில் எங்கோ கோணல். திருத்திவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். பரங்கிமலைக் கணக்கைப் பெங்களூரில் சரிபார்த்த அதே புத்தி.

பூஜ்யம் எங்கே இருக்கிறது?

எல்லாம் சரியாகிவிட்டது என்று வையுங்கள். இப்போது உயரம். லைடார் சொல்வதெல்லாம் 'என்னிடமிருந்து இவ்வளவு தூரம்' என்பதுதான். ஜி.பி.எஸ். சொல்லும் உயரமோ, பூமியை வழவழப்பான முட்டை வடிவமாகக் கற்பனை செய்து அதிலிருந்து அளந்தது. கடல் மட்டம் அந்தக் கற்பனைப் பரப்போடு ஒத்துப்போவதில்லை. நம் பக்கத்தில் கடல் அதற்கு ரொம்பக் கீழே கிடக்கிறது. சென்னையில் 80 மீட்டருக்கு மேல், கொல்கத்தாவில் 50 மீட்டருக்கு மேல். திருத்தம் செய்யாத ஜி.பி.எஸ். எண்ணை அப்படியே எடுத்தால் கிடர்பூர் ரோடு கடலுக்குள் சுமார் 50 மீட்டர் ஆழத்தில் இருக்கும்!

அப்படியானால் எதை பூஜ்யம் என்பது? இந்தத் துறைமுகத்துக்கு ஒரு பதில் இருக்கிறது. கிடர்பூர் பழைய டாக்கின் நிலைப்படி. டாக் வாசலில் கதவு வந்து உட்காரும் அடிப்படிக்கல். அந்தப் படிக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கப்பல் உள்ளே வர முடியும். ஆகவே துறைமுகக்காரர்கள் ஹூக்ளியின் ஏற்ற இறக்கத்தை அந்தப் படியிலிருந்து எண்ணினார்கள். இன்றும் இந்தத் துறைமுகத்து நீர்மட்டக் கணக்குகளில் அந்தப் படியின் பெயரைப் பார்க்கலாம். வீட்டு வாசற்படியை வைத்து ஊர் உயரத்தைச் சொல்வது போல.

இங்கே ஒரு மனிதரைச் சொல்லியாக வேண்டும். ஜேம்ஸ் கிட். இவருடைய தந்தை அலெக்சாண்டர் கிட் 1788 முதல் 1794 வரை வங்காளத்தின் சர்வேயர் ஜெனரல். தாய் இந்தியப் பெண். தாய் தந்தையரில் ஒருவர் இந்தியராக இருந்தால் கம்பெனியின் பெரிய உத்தியோகங்கள் கிடையாது என்று 1791-ல் உத்தரவு வந்துவிட்டது. தந்தையின் நாற்காலி மகனுக்கு எந்நாளும் கிடையாது. ஜேம்ஸ் கப்பல் கட்டும் தொழில் கற்றுக்கொண்டு, சகோதரர் ராபர்ட்டோடு கிடர்பூர் டாக்கை நடத்தினார். 1818-ல் 74 பீரங்கிகள் கொண்ட ஹேஸ்டிங்ஸ் என்ற போர்க்கப்பல் இங்கிருந்து நீரில் இறங்கியது. ஊருக்குக் கிடர்பூர் என்ற பெயர் கிட் குடும்பத்தால் வந்தது என்பார்கள் சிலர், நீருக்குக் காவலான கிஸ்ர் நபி பெயரால் வந்தது என்பார்கள் சிலர்.

நான் சொல்ல வந்தது அவருடைய நோட்டுப் புத்தகத்தை. ஹூக்ளியின் ஏற்றவற்றம் தினம் எவ்வளவு என்று ஒரு பதிவேடு வைத்திருந்தார். 1805 முதல் 1828 வரையான அந்தப் பட்டியல் பின்னால் ஆசியாட்டிக் சொசைட்டியின் தொகுதியில் அச்சாகி வந்தது. தினமும் எழுதும் டே புக்! அரசு உத்தியோகம் மறுக்கப்பட்டவர் இருபது வருஷத்துக்கு மேல் ஆற்றின் பேரேட்டை எழுதியிருக்கிறார். நதிக்கு நடுமட்டம் எது, உச்சம் எது, தாழ்வு எது என்று சொல்ல இப்படி யாராவது வருஷக்கணக்கில் உட்கார்ந்து எழுதியே ஆக வேண்டும். எந்த லேசரும் ஒரு நாளில் அதைத் தராது.

நாடு முழுமைக்குமான பூஜ்யம் வேறு. 1909-ல் முடிவான இந்தியக் கடல் மட்டம் ஒன்பது துறைமுகங்களின் அலைக்கணக்கை வைத்து எடுத்தது. அதில் கல்கத்தா கிடையாது. ஆற்றுத் துறைமுகம் என்பதால் மழைக்கால வெள்ளமும் கணக்கில் கலந்துவிடும். சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. கிடர்பூர்த் தெருவில் சர்வே ஆஃப் இந்தியா கணக்கில் ஒரு உயரம் சொன்னால் அதில் நாகப்பட்டினத்துக் கடலின் பங்கும் இருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு இதில் ஒரு அல்ப சந்தோஷம் :-)

ஆக ஒரே நகரத்தில் இரண்டு பூஜ்யங்கள். துறைமுகத்தின் படி ஒன்று, நாட்டின் கடல் மட்டம் ஒன்று. இரண்டுமே சரி. ஆனால் ஒரு வரைபடத்தில் ஒன்றையும் அடுத்ததில் இன்னொன்றையும் வைத்துவிட்டு, எது எது என்று எழுத மறந்தால் வினை. எங்கள் தொழிலில் ஓப்பனிங் பேலன்ஸ் என்போம். அது தப்பாக இருந்தால் வருஷம் முழுக்க ஒரு பைசா பிசகாமல் எழுதினாலும் மார்ச் 31 அன்று கணக்கு தப்புத்தான்.

இது வெறும் ஏட்டுக் கவலையா? 2025 செப்டம்பர் 23 அன்று கொல்கத்தாவில் ஒரே நாளில் கால் மீட்டர் மழை கொட்டியது. நகரமே மூழ்கியது. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து மனிதர்கள் செத்தார்கள். தட்டையான ஊரில் தண்ணீர் வடிவது சாக்கடையின் சாய்வைப் பொறுத்தது. ஆயிரத்துக்கு ஒன்று என்ற சாய்வில் 200 மீட்டருக்கு மொத்த இறக்கமே 20 செ.மீ. தான். பூஜ்யத்தில் 20 செ.மீ. பிசகு வந்தால் அந்தச் சாக்கடை வடியவே வடியாது. லேசர் 2 செ.மீ. துல்லியமாக அளந்து என்ன பயன்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தேங்கி நிற்கும் தண்ணீர் கண்ணாடி மாதிரி லேசரை வேறு பக்கம் திருப்பிவிடும். கருவிக்கு எதுவும் திரும்பி வராது. படத்தில் அந்த இடம் ஓட்டையாக இருக்கும். வெள்ளம் எங்கே நிற்கும் என்று தெரிய வேண்டுமானால் வெள்ளம் இல்லாத மாதங்களில் அளந்து வைத்திருக்க வேண்டும்.

யார் அளக்கலாம்?

இந்தியாவில் இது வெகுகாலம் அரசின் தனிச்சொத்து. 2011-ல் கூகுள் பெங்களூரில் தெருப்படம் எடுக்கக் காரை விட்டபோது சில வாரங்களில் போலீஸ் நிறுத்திவிட்டது. 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட விதிமுறைகள் இதைப் பெருமளவு திறந்துவிட்டன. இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமல் வரைபடத் தரவு எடுக்கலாம். ஆனால் வண்டியில் கருவி மாட்டித் தெருவை அளப்பது, துல்லியம் எவ்வளவாக இருந்தாலும், இந்திய நிறுவனங்களுக்கு மட்டுமே. அதனால்தான் 2022 ஜூலையில் தெருப்படம் திரும்பி வந்தபோது கூகுள் இந்தியக் கூட்டாளிகளோடு வந்தது. சென்னை உள்பட பத்து நகரங்கள் முதலில். அந்தப் பட்டியலில் கொல்கத்தா இல்லை.

இனி சாலை, சாக்கடை, மெட்ரோ, துறைமுகம் என்று எல்லாத் துறையும் இப்படி அளக்கும். வண்ண வண்ணமாக முப்பரிமாணப் படம் காட்டுவார்கள். பார்க்க ஆசையாக இருக்கும். யாராவது உங்களுக்கு அப்படி ஒரு படத்தைக் காட்டி '2 செ.மீ. துல்லியம் சார்' என்றால் இரண்டே கேள்வி கேளுங்கள். உயரத்துக்கு எதை பூஜ்யமாக எடுத்தீர்கள்? வேறு வழியில் ஒரு தடவை அளந்து ஒத்துப்பார்த்தீர்களா? கடன் கேட்டு வருகிறவர் பேலன்ஸ் ஷீட்டை நீட்டினால் நாங்கள் கேட்பதும் ஏறக்குறைய இதே இரண்டுதான்.

பி.கு.: கொல்கத்தா வருகிற தமிழ் நண்பர்கள் காளிகாட், தட்சிணேஸ்வர் பார்ப்பீர்கள். தட்சிணேஸ்வர் போகிற வழியில் பி.டி. ரோடு கோபுரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள். உள்ளே போக முடியாவிட்டாலும் வெளியிலிருந்து நன்றாகத் தெரியும். 75 அடி. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்காது.